செத்த வால்வும் அரக்கு நூலும்

நான் பிறந்தது வாலாஜாபாத்தில். என் தாத்தா காலத்திலேயே தறியை விட்டுவிட்டு அரிசி மில் வேலைக்குப் போய்விட்ட குடும்பம் எங்களுடையது. எங்கள் பக்கத்தில் நெல் அரைக்க வருகிறவன் அரிசியை வாங்கிக்கொண்டு போவான். உமி எங்கே போயிற்று என்று ஒருவனும் கேட்க மாட்டான். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் உமியையும் எடைபோட்டுக் கேட்கிற மனிதர்கள் உலகத்தில் உண்டு என்று எனக்குத் தெரிந்தது.

பட்டு நெசவில் ஒரு முறை இருக்கிறது. முதலாளி பட்டை எடைபோட்டுக் கொடுப்பார், ஜரிகையையும் அப்படியே. சேலை முடிந்ததும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, அறுந்த இழை, முடிச்சுப் போட்டு வெட்டிய நுனி, தறிக்கடியில் விழுந்த பொடி நூல் எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்து கூடவே வைக்க வேண்டும். அதற்குக் கழிவு என்று பெயர். சேலையும் கழிவும் சேர்ந்தால் வாங்கிய எடை வர வேண்டும். வராவிட்டால் யாரும் திருடன் என்று வாயால் சொல்ல மாட்டார்கள். அடுத்த சேலைக்கான பாவு நூல் வேறு வீட்டுக்குப் போய்விடும். என் மாமியார் குழந்தைகளின் தலையில் ஒட்டியிருக்கும் நூலைக்கூட எடுத்து அந்தத் துணியில் போடுவார். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. ஒரு வருஷத்தில் நானும் அப்படித்தான் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

என் கணவர் தறியில் உட்காரவில்லை. மெட்ராஸில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு வந்து, வீட்டு முன்னறையிலேயே கடை போட்டுவிட்டார். அறுபதுகளின் கடைசி அது. கையில் தூக்கிக்கொண்டு போகிற டிரான்சிஸ்டர் ரேடியோ வந்துவிட்டது என்றாலும், எங்கள் தெருக்களில் பாதி வீட்டில் பழைய வால்வு ரேடியோதான். பெரிய மரப்பெட்டி. திருகினால் உடனே பாடாது. உள்ளே இருக்கிற கண்ணாடி வால்வுகள் சூடேறி, முன்பக்கத்துப் பச்சைக் கண் மெல்ல ஒளிர்ந்த பிறகுதான் சத்தம் வரும். வால்வு என்பது கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குப்பி. கீழே கறுப்பாக ஒரு அடிப்பாகம், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற சின்னச் சின்னக் கால்கள். அடுப்புக் கரி போலத்தான் அதுவும். எரிந்து எரிந்து ஒரு நாள் தீர்ந்துவிடும். மாற்றியாக வேண்டும்.

தறியை விட்டாரே தவிர, தறிக்காரர் புத்தி இவரை விடவில்லை. வால்வு மாற்றினால், புது வால்வு வந்த அட்டைப்பெட்டியிலேயே செத்த வால்வைப் போட்டு வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவார். "உங்க பொருள் உங்ககிட்ட இருக்கட்டும்" என்பார். மற்ற ரிப்பேர் கடைகளில் அப்படிச் செய்ய மாட்டார்கள். புதிதாகத்தான் போட்டானா, போட்டேன் என்று பொய் சொல்கிறானா என்று எவருக்கும் தெரியாது. எங்கள் கடையில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. ஊரில் இவருக்கு இருந்த பெயரே அதுதான்: கழிவைத் திருப்பிக் கொடுக்கிற ரேடியோக்காரர்.

இன்னொன்றும் செய்வார். வால்வின் அடிப்பாகத்தின் நடுவில் ஒரு முளை இருக்கும், உள்ளே குழிவாக. கழற்றிய செத்த வால்வின் அந்தக் குழிக்குள் ஒரு துண்டு அரக்கு நிறப் பட்டு நூலை ஊசியால் ஆழமாகத் தள்ளி, மேலே ஒரு சொட்டு மெழுகு விட்டுவிடுவார். மேஜையில் உயிருள்ளதும் செத்ததும் கலந்துவிடக் கூடாதே என்பதற்காக. சேலையில் குறை விழுந்த இடத்தில் கரையோரமாக ஒரு நூல் கட்டிவைப்பது இவர்கள் வீட்டு வழக்கம். அதையேதான் இங்கேயும் கொண்டுவந்தார். வெளியே பார்த்தால் தெரியாது. குறிப்பாகத் தேடினால்தான் தெரியும்.

செத்த வால்வை வீட்டில் வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? கொஞ்ச நாள் மாடத்தில் கிடக்கும். பிறகு பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தள்ளுவண்டிக்காரர் வருவார். அவரிடம் போட்டுவிடுவார்கள். அவர் அதை வாங்குவதே எனக்கு வேடிக்கையாக இருந்தது. இரும்பும் இல்லை, பித்தளையும் இல்லை, உருக்க முடியாத வெறும் கண்ணாடி. ஆனால் ஒரு கை பழம் கொடுப்பார். அட்டைப்பெட்டி கசங்காமல் இருந்தால் இன்னும் நாலு பழம் சேர்த்துப் போடுவார். பெட்டியை என்ன செய்வீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். மெட்ராஸில் கேட்கிறார்கள், கொடுக்கிறேன், எனக்கென்ன தெரியும் என்றார். பாவம், அவருக்கும் தெரிந்திருக்காது. கிறுக்கு மெட்ராஸ் என்று நானும் விட்டுவிட்டேன். நாங்களே எத்தனையோ தடவை அந்தப் பழத்தைத் தின்றிருக்கிறோம்.

எதிர்வீட்டில் ஒரு அக்கா இருந்தார். கணவர் இல்லை, ஒரே மகன். அவர் தறி நெய்யவில்லை. நெய்கிறவர்களுக்குப் பட்டு இழைத்துக் கொடுத்துப் பிழைத்தார். ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார். மகன் ராணுவத்தில் லாரி ஓட்டினான். ஒரு லீவில் வந்தபோது மெட்ராஸிலிருந்து ஒரு பழைய ரேடியோவை வாங்கி, பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் வைத்துவிட்டுப் போனான். அம்மா தனியாக இருக்கிறாளே, ஒரு பேச்சுக் குரலாவது வீட்டில் இருக்கட்டும் என்று. அவருக்குப் பாட்டில் நாட்டமில்லை. செய்தி மட்டும் கேட்பார். செய்தி முடிந்ததும் அணைத்துவிட்டு, மரப்பெட்டியின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிடுவார்.

எழுபத்தொன்றாம் வருஷம் மழைக்காலத்தில் அந்த ரேடியோவின் சத்தம் குறைந்துவிட்டது. இவர் திறந்து பார்த்து, சத்தத்தை ஸ்பீக்கருக்குத் தள்ளுகிற பெரிய வால்வு தீர்ந்துவிட்டது என்று சொல்லி, மெட்ராஸில் வழக்கமாக வாங்குகிற மொத்தக் கடையிலிருந்து புதிது வாங்கிவந்து போட்டார். பெட்டி பிரிக்காத சரக்கு. கண்ணாடி பளபளவென்று, எழுத்து வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. புதுசு என்றால் புதுசு. இவர் வழக்கப்படி பழையதைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். ரேடியோ கணீரென்று பேசியது.

அந்த மாதமே மகனிடமிருந்து கடிதம் வந்தது. எல்லையில் இருக்கிற ஜவான்களின் குரலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், ரேடியோவில் வீட்டுக்குப் பேசுகிற மாதிரி போடப்போகிறார்கள், இன்ன நாள் சாயங்காலம் கேளுங்கள் என்று எழுதியிருந்தான். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துச் சொன்னேன். மறுநாளும் வந்து படிக்கச் சொன்னார். அதற்கு மறுநாளும். அப்படியே அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனாலும் நான் படிப்பதைக் கேட்கத்தான் வந்தார்.

அதற்குள் சண்டை மூண்டுவிட்டது. சொன்ன நாளில், விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பே எங்கள் தெரு அவர் வீட்டில் கூடிவிட்டது. தறிகளை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஓய்வது சாவுக்கும் அமாவாசைக்கும்தான். அக்கா ரேடியோவின் மேலிருந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இவர் நிலையத்தைச் சரியாகப் பிடித்துவைத்துவிட்டு வாசற்படியில் நின்றுகொண்டார்.

ஒருவர் பின் ஒருவராகப் பையன்கள் பேசினார்கள். தமிழ், நடுவில் தெலுங்கும். நன்றாயிருக்கிறேன், கவலைப்படாதே, தங்கச்சியைக் கேட்டதாகச் சொல் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையேதான் சொன்னார்கள். அது நடக்க நடக்கச் சத்தம் மங்குவது எனக்கு முதலில் உறைக்கவில்லை. கூட்டம்தான் இரைகிறது என்று நினைத்து எல்லோரையும் அதட்டினேன். இவர் முகத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இவர் உள்ளே வந்து சத்தம் கூட்டுகிற திருகை முழுதும் திருப்பினார். கொஞ்சம் ஏறியது. அப்போது காஞ்சிபுரம் என்று ஊர்ப்பெயரும் அவன் பெயரும் சொன்னார்கள். அக்கா நிமிர்ந்தார். "அம்மா" என்று அவன் குரல் வந்தது. அவன் குரல்தான், எங்கள் எல்லோருக்கும் தெரிந்த குரல். அதோடு சத்தம் அடங்கிவிட்டது. உள்ளே கொசு பறக்கிற மாதிரி ஏதோ கேட்டது. காதை ஒட்டிவைத்தாலும் வார்த்தை புரியவில்லை. பச்சைக் கண் மட்டும் தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

யாரோ அடுத்த தெருவிலிருக்கும் ரேடியோவுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். போய்ச் சேர்வதற்குள் வேறு பையன் பேசிக்கொண்டிருந்தான்.

தெருக்கோடி டீக்கடை ரேடியோவில் கேட்டவர்கள் வந்து சொன்னார்கள். பொங்கலுக்கு வருகிறேன் என்றான் என்றார் ஒருவர். பொங்கலுக்கு வர முடியாது என்றான் என்றார் இன்னொருவர். உடம்பைப் பார்த்துக்கொள் என்றானாம். அக்கா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "குரல் எப்டிபா இருந்துச்சு? சளி கட்டினாப்ல இருந்துச்சா?"

தெரு எங்கள் மேல் திரும்பிவிட்டது. போன மாதம் போட்ட புது வால்வு எப்படிச் சாகும்? புதுசென்று சொல்லிப் பழசைப் போட்டுவிட்டான், கழிவைத் திருப்பிக் கொடுப்பதெல்லாம் வேஷம் என்று பேசிக்கொண்டார்கள். என் மாமியாரின் காதுபடவே பேசினார்கள். எனக்கு நாக்கு துடித்தது. அன்றைக்கு இரண்டு மூன்று பேரை நான் நன்றாகவே கேட்டுவிட்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

மறுநாள் காலையில் இவர் அந்த ரேடியோவைக் கடைக்குக் கொண்டுவந்து வால்வைக் கழற்றினார். நான் காப்பி எடுத்துக்கொண்டு போனேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். புது எழுத்தின் அடியில் வேறு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. கால்களில் பழைய ஈயத்தைத் தேய்த்து எடுத்த தடம் இருந்தது. பிறகு என்ன தோன்றியதோ, ஊசியை எடுத்து அடிப்பாகத்தின் குழிக்குள் விட்டு நெம்பினார். ஒரு பொட்டு மெழுகு உதிர்ந்தது. அதன் பின்னாலேயே அரக்கு நூல் சுருண்டு வந்தது.

நான் கொண்டுபோன காப்பி ஆறியது. எங்கள் கடையிலிருந்து போன வால்வு அது. இவரே செத்தது என்று குறி போட்டு, இவரே பெட்டியில் வைத்து, இவரே நல்ல மனிதராக யார் கையிலோ கொடுத்தது. பழக்காரர் வண்டியில் ஏறி, மெட்ராஸ் போய், எண்ணெய் போட்டுத் துடைக்கப்பட்டு, கொஞ்ச நாள் பேசுகிற அளவுக்கு மின்சாரம் கூட்டிச் சூடேற்றப்பட்டு, புது எழுத்து குத்தப்பட்டு, பெட்டியோடு திரும்பி வந்திருந்தது. பெட்டிக்கு ஏன் நாலு பழம் கூட என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெட்டி இல்லாமல் பழசைப் புதுசு என்று விற்க முடியுமா? எங்கள் கடையிலிருந்து மட்டும்தான் செத்த வால்வு பெட்டியோடு, கசங்காமல், பத்திரமாக வெளியே வந்தது. மற்ற கடைகளில் பெட்டியைக் கிழித்து எறிந்துவிடுவார்கள்.

இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். கெட்ட பெயர் வந்தது வந்ததுதான், இன்னும் வாரி எதற்குத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று. இவர் கேட்கவில்லை. வால்வையும் நூலையும் எடுத்துக்கொண்டு நேரே எதிர்வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அக்கா ராட்டினத்தை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் இவர், "இது எந்த வூட்டுதுன்னு தெரியலக்கா. ஆனா நான் போட்ட நூல்தான்" என்றார்.

ராட்டினம் நின்றது.

"எனுதாக்கூட இருக்கும்பா," என்றார் அக்கா. "இதுக்கு முன்னாடி ஒரு தபா நீ மாத்திக் குடுத்தல்ல, அத நான் பழக்காரன்கிட்டதான் போட்டேன். பொட்டியோட இருக்குதுன்னு கூட போட்டான். அந்தப் பழத்ததான் டப்பால அடச்சி புள்ளைக்கு அனுப்பினேன்."

எங்களால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

இவர் மெட்ராஸுக்குக் கிளம்பியபோது நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். இவரை அனுப்பினால் கை கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு வந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். மொத்தக் கடைக்காரர் வால்வைக் கையில்கூட வாங்கவில்லை. பெட்டி பிரித்த சரக்குக்கு நான் பொறுப்பில்லை என்றார். பிரிக்காமல் எப்படி ஐயா ரேடியோவில் போடுவது என்று நான் கேட்டதும், வீட்டுப் பெண்கள் கடைப் பேச்சில் வரக் கூடாது என்று இவரிடம் சொன்னார். வீட்டுப் பெண்கள்தான் அந்த ரேடியோவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் சத்தம் போட்ட பிறகு, தனக்கு விற்ற தரகர் யாரென்று சொன்னார். அந்தத் தரகர் இன்னொருவரைக் கை காட்டினார். அவர், வெளியூரிலிருந்து மூட்டையாக வருகிறது, நான் பிரித்துக் கொடுக்கிறேன், நல்லதும் இருக்கும் கெட்டதும் இருக்கும் என்றார். ஒருவர்கூடத் தான் செய்ததாகச் சொல்லவில்லை. எவரும் அதிர்ந்து பேசவுமில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை அன்றைக்கு நான் கண்ணால் பார்த்தேன்.

கடைசி மனிதரின் கடைக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது. அங்கே கூடைகளில் வால்வுகள் குவிந்துகிடந்தன. பக்கத்திலேயே அட்டைப்பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவைத்திருந்தார்கள். இவர் ஒரு கூடையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் குழிக்குள் பார்த்தார். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தான் விட்ட மெழுகுப் பொட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எழுந்து வாங்க, போகலாம் என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் இவர் என் பக்கம் திரும்பினார். "நான் கழிவ சரியாதான திருப்பிக் குடுத்தேன்?" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

சண்டை முடிந்துவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு தந்தி வந்தது. சண்டை நிற்பதற்குச் சில நாள் முன்பே அவன் லாரி கண்ணிவெடியில் சிக்கியிருக்கிறது. ரேடியோவில் அம்மா என்று கூப்பிட்டபோது அவன் உயிரோடு இருந்தானா இல்லையா என்று அக்கா என்னைக் கேட்டார். தந்தியிலிருந்த தேதியை நான் பார்த்தேன். இருந்தான் அக்கா, இருந்தான் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அதற்காக மட்டும் கடவுளுக்கு நன்றி.

உடல் வரவில்லை. ஒரு டிரங்குப்பெட்டி வந்தது. அதில் துணிமணிகளோடு, அவர் பழம் அடைத்து அனுப்பிய தகர டப்பாவும் இருந்தது, காலியாக. தின்றிருந்தான்.

அந்தப் பொங்கலிலிருந்து எங்கள் கடையில் முறை மாறியது. செத்த வால்வைப் பெட்டியில் போட்டுக் கொடுப்பதில்லை. வீட்டுக்காரர் பார்க்கும்போதே பெட்டியைக் கிழித்து, வால்வைச் சாக்குத் துணியில் சுற்றிச் சுத்தியால் ஒரே அடி. அந்தச் சத்தத்துக்கு நான் பழகவே இல்லை. பொருளைப் பிழைக்கவைக்கிற கை அது. அடிக்கும்போது இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சிலருக்கு இந்த முறை பிடிக்கவில்லை. பழத்துக்காவது ஆகுமே, அதையும் உடைக்கிறானே என்று முணுமுணுத்தார்கள். பழைய பெயர் முழுதாகத் திரும்பவும் இல்லை. கடை நடந்தது, அவ்வளவுதான்.

கோடை தொடங்கியபோது அக்கா கடைக்கு வந்தார். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு ரேடியோ எங்கள் அலமாரியிலேயேதான் இருந்தது. எங்கெங்கோ அலைந்து நல்ல வால்வு ஒன்று தேடி, பல நாள் பாடவைத்துப் பார்த்துவிட்டுத்தான் இவர் அதில் பொருத்தியிருந்தார். எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றார். பக்கத்திலேயே அந்தப் போலி வால்வும் இருந்தது, மெட்ராஸில் காட்டுவதற்கென்று எடுத்துப்போனது. இனி அதை வைத்திருப்பானேன் என்று சாக்குத் துணியை விரித்தார்.

"அத ஒடைக்காத தம்பி," என்றார் அக்கா. "எனுக்குக் குடு."

"இது செத்ததுக்கா. ஏமாத்து சரக்கு."

"தெரியும்பா. 'அம்மா'ன்னு ஒரு வார்த்த வந்துச்சு இல்ல? இதுக்குள்ள பூந்துதான வந்துச்சு."

இவர் சுத்தியைக் கீழே வைத்தார். பெட்டி எதுவும் தேடவில்லை. உள்ளே போய், மாமியார் கழிவு முடிகிற துணியில் ஒரு ஓரம் கிழித்துக்கொண்டு வந்தார். ஊசியால் அரக்கு நூலைத் திரும்பக் குழிக்குள் தள்ளி, மெழுகு விட்டு, துணியில் முடிந்து கொடுத்தார். அக்கா இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சந்தில் உட்கார்ந்து துடைத்தவன் யாரோ, எழுத்துக் குத்தியவன் யாரோ, அவர்களை நான் இந்த வயதிலும் மன்னிக்கவில்லை. அக்கா மன்னித்தாரா என்று கேட்டதில்லை. பழக்காரர் பிறகும் பல வருஷம் எங்கள் தெருவுக்கு வந்தார். அவர் குரல் தெருமுனையில் கேட்டதும் அக்கா ராட்டினத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வண்டி தெருவைத் தாண்டிப் போன பிறகுதான் திறப்பார்.